ஐந்தாம் வகுப்புக்கு அப்பால்: சப்ரகமுவத் தோட்டப் பெண்பிள்ளைகளின் கல்வி வரலாறு

நமது பழைய மாணவியர் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், பாடசாலையின் அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டு வெற்றிகள் பற்றிப் பலரும் இம்மலரில் எழுதியிருப்பார்கள். மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது, அன்று முதல் இன்று வரை நம் பகுதியில் கல்வி எப்படி மாறியது என்பதைப் பற்றி. அந்தப் பெரிய கதையில் ஒரு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நமது வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் தெரிந்த இறப்பர் மலைகளிலும், அதற்கு மேலே இருந்த தேயிலை மலைகளிலும் வளர்ந்த பெண்பிள்ளைகளின் கல்வியே அது.

நமது பாடசாலையும் அந்தத் தோட்டப் பாடசாலைகளும் ஒரே காலத்தில், சில மைல் இடைவெளியில் நடந்தவை. ஆனாலும் நீண்ட காலம் ஒரு பக்கத்துப் பிள்ளை மறுபக்கத்துக்கு வரவில்லை. சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் தோட்டப் பிள்ளைக்கு 1907ஆம் ஆண்டிலிருந்தே பாடசாலை உண்டு. அந்தப் பாடசாலையிலிருந்து அடுத்த பாடசாலைக்குப் போகும் வழிதான் எழுபது ஆண்டுகளாக இல்லாதிருந்தது. அந்த வழி எப்படித் திறந்தது, எங்கே இன்னும் அடைபட்டிருக்கிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோப்பியிலிருந்து இறப்பர் வரை

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ, 1889ஆம் ஆண்டு தனி மாகாணமானது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மத்திய மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிவிட்டன. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கோப்பி பறிக்கும் காலத்தில் வந்து, பருவம் முடிந்ததும் திரும்பினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எனவே பிள்ளைகளின் படிப்பு அன்று யாருக்கும் பெரிய கேள்வியாக இருக்கவில்லை.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோட்டார் வாகனங்கள் பெருகி டயருக்குக் கிராக்கி ஏற்பட்டபோது, மழை மிகுந்த நம் தாழ்ந்த மலைகளில் இறப்பர் பரவியது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, ருவன்வெல்ல பக்கம் இறப்பர். பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை மேல்மலைகளில் தேயிலை. இரண்டுக்கும் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். பாடசாலை என்ற பேச்சு அதன் பிறகுதான் எழுந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுவரெலியாவில் தோட்டத்துக்கு அடுத்தது தோட்டமாகத் தொடர்ந்து போகும். சப்ரகமுவவில் அப்படியில்லை. ஒரு தோட்டம், பிறகு சிங்களக் கிராமம், வயல், ஆறு, அதற்கப்பால் இன்னொரு தோட்டம். ஒவ்வொரு தோட்டத்திலும் தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை சிறிது. பத்துத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பெரிய தமிழ்ப் பாடசாலை என்பது நுவரெலியாவில் இயல்பாக அமையக்கூடியது. நமக்கு அது எளிதில் வாய்க்கவில்லை. நம் மாகாணத்துத் தமிழ்க் கல்வியின் பல சிக்கல்களுக்கு வேர் இந்தச் சிதறலே.

திண்ணைப் பள்ளியும் மிஷன் பள்ளியும்

தோட்டங்களில் முதலில் படிப்புச் சொன்னவர்கள் இரு சாரார். ஒருவர், லயனில் எழுத்தறிந்த பெரியவர். மாலை நேரத்தில் கங்காணி வீட்டுத் திண்ணையில் அரிச்சுவடியும் எண்சுவடியும் சொல்லிக் கொடுத்தார். மற்றவர், மிஷன் அனுப்பிய உபதேசியார். 1854இல் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், தோட்டங்களுக்கு உபதேசிமாரை அனுப்பிச் சில இடங்களில் பள்ளிகளையும் நடத்தியது. திண்ணையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள்.

இதே தீவில், யாழ்ப்பாணத்தின் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824ஆம் ஆண்டிலேயே தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது 1907இல். இடைவெளி 83 ஆண்டுகள். இரு பிள்ளைகளும் பேசியது தமிழ்தான். பிறந்த இடம்தான் வேறு.

1907ஆம் ஆண்டுச் சட்டம்

1904, 1905ஆம் ஆண்டுகளில் தோட்டக் கல்வி பற்றி அரசாங்கம் விசாரித்தது. அதன் பயனாக 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தில் தோட்டங்களுக்கும் ஒரு விதி சேர்ந்தது. 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிப்பதும், அதற்குத் தகுந்த ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்ட நிர்வாகியின் கடமை என்றது அந்த விதி.

அந்தக் காலத்துக்கு இது சிறிய காரியமல்ல. ஆனால் இரண்டு குறைகள் அதிலேயே இருந்தன. ஒன்று, பாடசாலைக்குப் பொறுப்பானவர் துரை. பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போனால் நட்டப்படுபவரும் அவரே. இரண்டாவது, வயது. தோட்டத்துக்கு வெளியே கட்டாயக் கல்வி 14 வயது வரை நீண்ட பின்னரும், தோட்டப் பிள்ளைக்கு அது 10 வயதோடு நின்றது. பத்து வயதில் பிள்ளையின் பெயர் பாடசாலை இடாப்பிலிருந்து செக்ரோலுக்கு மாறியது.

செக்ரோலில் அதற்கு விலையும் இருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம், தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், சிறுவருக்கு 30 சதம். நமது சங்கம் பிறந்து சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட கணக்கு இது. லயன் அறையில் ஒரு குடும்பத்துக்கு 30 சதம் என்பது விட்டுவிடக்கூடிய தொகையல்ல. பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று அக்காலத்தில் எழுதியவர்கள் இந்த 30 சதத்தையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும்.

ஒற்றை ஆசிரியர் பாடசாலை

அந்தப் பாடசாலை எப்படி இருந்தது என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். தகரக் கூரை, ஒரே மண்டபம், ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். முதலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில். ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது மற்ற வகுப்பு சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வாத்தியார்களுக்குப் பயிற்சி கிடையாது. சம்பளம் கொடுப்பது தோட்டம் என்பதால், அலுவலகத்தில் கணக்கு எழுத அழைத்தால் அங்கும் போக வேண்டும்.

பெண்பிள்ளையின் நாள் இன்னும் கடினம். இறப்பர் பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக வடியும். ஆகவே தாயும் தந்தையும் இருட்டோடு பால் வெட்டப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்ப்பது, தண்ணீர் எடுப்பது, உலை வைப்பது எல்லாம் எட்டு வயது அக்காவின் வேலை. பிள்ளைக்காம்பரா இருந்த தோட்டத்தில் அவளுக்குக் கொஞ்சம் விடுதலை. இல்லாத தோட்டத்தில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு வருவாள், அல்லது வரமாட்டாள். பெரிய பிள்ளையானதும் படிப்பு நின்றுவிடும். பள்ளியில் இருந்த ஒரே ஆசிரியர் ஆண் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக்கி மேடைகளில் பாடினார். பேச்சோடு நிறுத்தாமல் அவர் பாடியதன் பொருத்தம் எளிதில் விளங்கும். முன்னால் இருந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது; பாட்டைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ள முடியும்.

இலவசக் கல்வியும் இல்லாத குடியுரிமையும்

1945 அக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். கிராமப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகள் ஏழைப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றன. ஆனால் தோட்டப் பாடசாலை தனி வகையாகவே விடப்பட்டது. 1947இல் வந்த திருத்தச் சட்டம் கட்டடத்துக்கும் ஆசிரியர் விடுதிக்கும் தோட்டத்தைப் பொறுப்பாக்கியது என்றாலும், பெரும்பாலான பாடசாலைகள் நடைமுறையில் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. அந்நாளில் தோட்டத்திலிருந்து நகரப் பாடசாலைக்கு வந்த பெண்கள், பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகளே.

இதனிடையே பெரிய அடி விழுந்தது. 1946இல் கேகாலை மாவட்டம் உந்துகொடையில் நேவ்ஸ்மயர் தோட்டத்துத் தொழிலாளரை வெளியேற்ற முனைந்தபோது பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. பிறந்த லயனே நிரந்தரமல்ல என்பதை அது காட்டியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. பெண்பிள்ளை படித்தால் ஆசிரியை ஆகலாம், தாதி ஆகலாம் என்பது மற்றக் குடும்பங்களின் கனவு. தோட்டத்துத் தாய்க்கு அந்தக் கனவு காணவும் உரிமை இல்லை. படிப்பின் முடிவில் கிடைக்கக்கூடியதை எடுத்துவிட்டால், பிள்ளையை ஏன் ஐந்து மைல் நடத்த வேண்டும் என்று அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எழுபதுகளில் குடும்பங்கள் தலைமன்னார் வழியாகக் கப்பலேறின. இடாப்பில் ஒவ்வொரு மாதமும் சில பெயர்கள் வெட்டப்பட்டன.

1977க்குப் பின்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் தொடர்ச்சியாக 1977 தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1907இலிருந்து கணக்கிட்டால் சரியாக 70 ஆண்டுகள். துரையின் பாடசாலை அன்றுதான் நாட்டின் பாடசாலை ஆயிற்று.

அந்த மாற்றத்தின் பயனை நேரே பெற்றவர்களில் நானும் ஒருத்தி. கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில் ஐந்தாம் வகுப்பு முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் நமது பாடசாலை விடுதியில் சேர்ந்தேன். சேர்வதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழில் என் பெயர் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்த அப்பா ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை, மூன்று நாட்சம்பளத்தை இழந்து நடந்தார். தோட்டத்திலிருந்து வந்த தோழியர் பலருக்கும் இதே கதை உண்டு. 1984இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தபோது, விடுதிக் காசு ஒழுங்காக வரத் தொடங்கியதையும் நினைவு வைத்திருக்கிறேன். அம்மாவின் கூலி உயர்ந்தால் மகளின் படிப்பு நீளும் என்பதை நான் அப்போது கற்றேன்.

அந்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல. 1977இலும் 1983இலும் நாடெங்கும் நடந்த வன்செயல்களோடு, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களும் தாக்கப்பட்டன. காவத்தை, இறக்குவானை பக்கத்துக் குடும்பங்கள் பல எல்லாவற்றையும் விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. மிஞ்சியவர்கள் வயதுவந்த மகளைத் தனியே பஸ்ஸில் அனுப்ப அஞ்சினார்கள். ஒரு தலைமுறையின் படிப்பு இப்படியும் அறுந்தது.

ஆசிரியைகள் வந்தார்கள்

எண்பதுகளில் தோட்ட இளைஞர், யுவதிகளையே ஆசிரியர்களாக நியமிக்கத் தொடங்கினார்கள். சுவீடனின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி தொண்ணூறுகளிலிருந்து மலையகத்துக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்களை அனுப்பியது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்த்ததும், அரசாங்க நியமனத்துக்கு இருந்த தடை நீங்கியது.

என் பார்வையில், நூறு ஆண்டுகளில் வந்த எந்தச் சட்டத்தையும்விடப் பெண்பிள்ளைகளை வகுப்பில் இருத்தி வைத்தது இந்த ஆசிரியைகளே. லயனில் பிறந்த ஒருத்தி சேலை கட்டி, குடையோடு அதே பாதையில் பாடசாலைக்கு நடந்து வருவதைத் தாய்மார் பார்த்தார்கள். பெரிய பிள்ளையானதும் நிறுத்தும் வழக்கம் மெல்லக் குறைந்தது. பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் லயன் வாசலில் வந்து கேட்க ஓர் ஆள் இருந்தார்.

கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1997இல் 5 வயது முதல் 14 வயது வரை என்றும், 2016இல் 16 வயது வரை என்றும் வகுக்கப்பட்டன. அவற்றில் தோட்டப் பிள்ளைக்கென்று தனி வயது இல்லை. அந்த வேறுபாடு ஏட்டிலிருந்து மறைய 90 ஆண்டுகள் சென்றன.

இன்றைய நிலை

இன்று நம் மாகாணத்துத் தோட்டத்தில் ஆறாம் தரத்துக்குப் போகாத பெண்பிள்ளையைக் காண்பது அரிது. பட்டதாரிகள், தாதியர், கிராம உத்தியோகத்தர், அதிபர்கள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். 1996இல் பெலிஹுலோயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகமும் எழுந்தது. ஆனால் அடைப்பு ஐந்தாம் வகுப்பிலிருந்து மேலே நகர்ந்திருக்கிறதே தவிர, முற்றாக நீங்கவில்லை. இப்போது அது சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் இடையில் நிற்கிறது.

நம் இரு மாவட்டங்களிலும் உயர் தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைத் தமிழ்மொழியில் நடத்தும் பாடசாலைகள் மிகச் சில. ஆகவே விருப்பம் எதுவாயினும் பல மாணவியர் கலைப்பிரிவில் சேருகிறார்கள். வசதியுள்ளவர்கள் கொழும்புக்கோ ஹட்டனுக்கோ போகிறார்கள். வசதியற்றவர்கள் ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்பில் வீட்டு வேலைக்கோ போகிறார்கள். ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க 2015ஆம் ஆண்டளவில் சேர்க்கப்பட்ட மலையக ஆசிரிய உதவியாளர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது மாதம் 6,000 ரூபா. அத்தொகையில் தூரத்துத் தோட்டத்துக்கு பஸ்ஸில் போய் வந்தவர்களின் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பல்கலைக்கழக அனுமதியிலும் ஒரு நுட்பம் உண்டு. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது நீண்ட காலமாக நிலவும் ஏற்பாடு. இரத்தினபுரி பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது, கேகாலை இல்லை. எட்டியாந்தோட்டை மேல்பிரிவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவளின் மகள், கேகாலை நகரத்தின் சிறந்த பாடசாலைகளோடு ஒரே மாவட்டக் கோட்டாவில் போட்டியிடுகிறாள். கோட்டா மாவட்டத்தைப் பார்க்கிறது, தோட்டத்தைப் பார்ப்பதில்லை.

அண்மைய ஆண்டுகள் இன்னும் சிரமமானவை. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதைந்தன. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைபேசியும் சிக்னலும் இல்லாத பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பாடமே இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கொப்பி, சப்பாத்து, பஸ் கட்டணம் எல்லாம் அதைக் கடந்து ஓடின. தோட்டத் தொழிலாளர் தொகை குறையக் குறையச் சிறிய பாடசாலைகளில் மாணவர் தொகையும் குறைகிறது. அவற்றை மூடி இணைப்பது கணக்குக்குச் சரியாகத் தோன்றலாம். நம் மாகாணத்தில் அடுத்த தமிழ்ப் பாடசாலை ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது என்பதையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

சங்கத்தின் முன் உள்ளவை

லண்டன், டொரொண்டோ, மெல்பேர்ன், சென்னை, கொழும்பு என்று எங்கெங்கோ வாழும் நம் சகோதரிகள் இம்மலரை வாசிப்பார்கள். நூற்றாண்டு நினைவாக ஒரு வளைவோ மண்டபமோ கட்டலாம் என்ற பேச்சும் இருக்கிறது. அதற்கு முன் மூன்று காரியங்களை எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, உயர் தரம் படிக்க வரும் தோட்டத்து மாணவியருக்கு ஆண்டுதோறும் சில விடுதி இடங்களைச் சங்கமே பொறுப்பேற்பது. அடுத்து, விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் கற்பிக்கக்கூடிய நம் பழைய மாணவியர், விடுமுறையிலோ இணையவழியிலோ வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது. மூன்றாவது, பிறப்புச் சான்றிதழ், பெயர்த் திருத்தம் போன்றவற்றுக்குப் பெற்றோருக்கு வழிகாட்ட ஓர் உறுப்பினரை நியமிப்பது. இது ஒரு நாட்சம்பளத்தையாவது காப்பாற்றும்.

இவற்றோடு ஒரு சிறு பதிவேடும் வேண்டும். சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் எத்தனை பெண்பிள்ளைகள் ஆறாம் தரத்துக்கு வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உயர் தரம் எழுதினார்கள் என்று அதில் குறித்து வைப்போம். அந்த இரு எண்களையும் ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் செயலாளர் வாசிக்கட்டும். இரண்டாவது எண் ஏறுகிறதா என்று பார்ப்பதே நம் சங்கத்தின் அடுத்த நூற்றாண்டுக்குப் போதுமான வேலை.